பரீட்சைக்குப் போன பல்

பல் மருத்துவக் கல்லூரிகளில் நோயாளிக்குத்தான் தட்டுப்பாடு. மற்ற ஆஸ்பத்திரிகளில் சீட்டை வாங்கி வைத்துக்கொண்டு, எப்போது கூப்பிடுவார்களோ என்று நாம் கதவைப் பார்த்துக்கொண்டிருப்போம். இங்கே வெள்ளைக் கோட்டுப் பிள்ளைகள் வராந்தாவில் நின்று நம் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பி.டி.எஸ். படிப்பு நான்கு வருடம், அப்புறம் ஒரு வருடம் ஹவுஸ் சர்ஜன். மூன்றாம் வருடத்திலிருந்து உயிருள்ள வாயில் வேலை பார்த்தாக வேண்டும். இத்தனை பல் பிடுங்கியிருக்க வேண்டும், இத்தனை பல் அடைத்திருக்க வேண்டும், இத்தனை பேருக்குப் பல் செட் செய்திருக்க வேண்டும் என்று பிரிவுக்குப் பிரிவு ஒரு கணக்கு இருக்கிறது. பிள்ளைகள் அதை 'கோட்டா' என்பார்கள். கோட்டாவை முடிக்காமல் பரீட்சைப் பக்கம் போவது கஷ்டம். ஆகவே சொத்தைப் பல்லுக்கு அங்கே ஒரு மரியாதை.

எனக்கு இது தெரிய வந்தது செங்கல்பட்டில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த நாட்களில், 2000களின் பிற்பாதியில். இடது கடைவாயில், கீழே, இரண்டு பற்களுக்கு நடுவில் எதைத் தின்றாலும் போய் மாட்டிக்கொள்ளும். கறி என்றால் நார், கீரை என்றால் தண்டு. பில் குத்துகிற குண்டூசியால் நோண்டி எடுத்துவிட்டு மறுபடியும் பேரேட்டைப் பார்ப்பேன். ஐஸ் தண்ணீர் பட்டால் சுளீர் என்றது, ஆனால் ராத்திரி வலி கிடையாது. ராத்திரி வலி இல்லாததால் ஆற அமர இருந்தேன். ஊரில் இருந்த ஒரு கிளினிக்கில் காட்டினபோது இதற்கு ஒரு தொகை, பக்கத்துப் பல்லுக்கு ஒரு தொகை, சுத்தம் செய்ய ஒரு தொகை என்று ஒரு சின்னத் தாளில் எழுதிக் கொடுத்தார்கள். கூட்டிப் பார்த்தேன், கூட்டல் என் தொழில். என் சம்பளத்தில் பாதி வந்தது.

ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி அப்போது கல்லூரிகள் வரிசையாக முளைத்திருந்தன. அதில் ஒரு பல் மருத்துவக் கல்லூரியின் பஸ் தினமும் காலையில் ஊருக்குள் வந்து நோயாளிகளை ஏற்றிக்கொண்டு போகும், மத்தியானத்துக்கு மேல் திரும்பக் கொண்டுவந்து விடும். டிக்கெட் இல்லை. அந்த பஸ்ஸை வருடக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். கல்லூரிப் பிள்ளைகளுக்கானது என்றே நினைத்திருந்தேன். உள்ளே இருப்பவர்கள் எல்லாரும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டிருப்பதைக் கவனித்த பிறகுதான் விளங்கியது.

வீட்டில் எதிர்ப்பு. "படிக்கிற பசங்க கையில போய் வாயைக் கொடுக்கிறதா?" என்றாள் மனைவி. இந்தக் கேள்வியை அதற்கப்புறம் எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள். என் அப்பா இருந்திருந்தால் சிரித்திருப்பார். அவர் பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். பல் வலி வந்தால் அவருக்குத் தெரிந்த இடம் கோட்டை ஸ்டேஷனுக்கு எதிரில் இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரி. 1953இல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தொடங்கியது அது. வட சென்னைக்காரர்கள் யாரும் அதைக் கல்லூரி என்று சொல்லி நான் கேட்டதில்லை. 'பல் ஆஸ்பத்திரி' அவ்வளவுதான். அங்கே மீசை முளைக்காத ஒரு பையன் தன் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டு, தன்னைவிடச் சந்தோஷப்பட்டான் என்று அப்பா சொல்வார். அவரோடு வேலை பார்த்தவர்களில் சிலர் பூக்கடை, பாரிமுனை வட்டாரத்தில் இருந்த சீனப் பல் வைத்தியர்களிடம் போவார்களாம். அந்தக் குடும்பங்களில் அப்பன் செய்வதைப் பார்த்து மகன் தொழில் பழகுவான். எங்கே போனாலும் யாரோ ஒருவர் யாருடைய பல்லிலோ கற்றுக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள். கல்லூரியில் அதைப் பக்கத்தில் வாத்தியார் நின்று பார்க்கிறார், அதுதான் வித்தியாசம்.

பஸ் ஏறினேன். முதலில் பேர் பதிந்து ஒரு அட்டை. பிறகு வாயைப் பொதுவாகச் சோதிக்கிற பிரிவு. மூன்றாம் வருடப் பையன் ஒருவன் உட்கார வைத்து, என்ன தொந்தரவு என்று கேட்டான். சொன்னேன். "நீங்க சொன்ன வார்த்தையிலேயே எழுதணும் அங்கிள், மறுபடி சொல்லுங்க" என்றான். நான் தமிழில் சொன்னதை அவன் இங்கிலீஷில் எழுதி இரண்டு பக்கமும் மேற்கோள் குறி போட்டான். சர்க்கரை இருக்கிறதா, பிரஷர் இருக்கிறதா, ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாதா, வெற்றிலை பாக்கு உண்டா, எந்தப் பக்கமாக மென்று சாப்பிடுகிறீர்கள், ஒரு நாளைக்கு எத்தனை டீ, சர்க்கரை எத்தனை ஸ்பூன் என்று கேள்விகள் போய்க்கொண்டே இருந்தன. கிளினிக்கில் என் வாய்க்குள் பார்த்தது அரை நிமிடம். இவன் முப்பது சொச்சப் பற்களையும் ஒவ்வொன்றாகக் கண்ணாடி வைத்துப் பார்த்து எண் சொன்னான், பக்கத்தில் இருந்த பெண் எழுதினாள்.

அந்த எண்கள் எனக்குப் பிடித்துப்போயின. வாயை நான்காகப் பிரிக்கிறார்கள். நமக்கு வலது மேல் ஒன்று, இடது மேல் இரண்டு, இடது கீழ் மூன்று, வலது கீழ் நான்கு. ஒவ்வொரு கால் பாகத்திலும் நடுவிலிருந்து பின்னால் எட்டு வரை எண்ணுவார்கள். என் வில்லங்கம் இடது கீழே ஆறாவது பல், ஆகவே 'த்ரீ சிக்ஸ்'. முன்பக்கத்தைக் காட்டிலும் இந்த ஆறாம் நம்பர்தான் பெரும்பாலும் முதலில் கெடும் என்றான் பையன். ஆறு வயது வாக்கில், பால் பல் எதுவும் அந்த இடத்தில் விழாமலேயே, பின்னால் சத்தமில்லாமல் முளைக்கிற நிரந்தரப் பல் அது. எதுவும் விழவில்லையே, அப்படியானால் இதுவும் பால் பல்தான், எப்படியும் விழப்போகிறது என்று பெற்றவர்கள் விட்டுவிடுகிறார்கள். மிட்டாய் தின்கிற வயசில் வருகிற பல், சாகிறவரை வேலை செய்ய வேண்டிய பல்.

எக்ஸ்ரேயில் பார்த்துவிட்டு மேடம் ஒருவர், "கிளாஸ் டூ, நல்ல கேஸ்" என்றார். பின்பற்களின் பக்கவாட்டில், இரண்டு பற்கள் ஒட்டுகிற இடத்தில் விழுகிற சொத்தைக்கு அந்தப் பேர். ஜி.வி. பிளாக் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் நூறு வருடத்துக்கு முன்பே வகுத்து வைத்த பிரிவு இன்னும் ஓடுகிறது. மேடம் 'நல்ல' என்று சொன்னது எனக்கு நல்லது என்ற அர்த்தத்தில் இல்லை என்பது, பக்கத்தில் நின்ற ஃபைனல் இயர் பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. நரம்பு வரை போகாத, அளவான, பரீட்சைக்குத் தோதான சொத்தை. அவள்தான் அன்றிலிருந்து எங்கள் டாக்டர்.

பல்லைத் தொடுவதற்கு முன்னால் ஈறுப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அழுக்கு வாயில் அடைக்கிற வேலை நிற்காதாம். அங்கே இன்னொரு பையன் பஞ்சில் ஏதோ சிவப்புச் சாயத்தைத் தொட்டுப் பற்கள் முழுக்கத் தடவி, கொப்பளிக்கச் சொல்லி, கையில் கண்ணாடியைக் கொடுத்தான். காலையில் துலக்கிவிட்டுத்தான் வந்திருந்தேன், அதுவும் டாக்டரிடம் காட்டுவதற்காகக் கொஞ்சம் அழுத்தியே. முன்பக்கம் நடுவில் மட்டும் வெள்ளை. ஈறு ஓரமெல்லாம் ரோஸ். நாக்குப் பக்கம் திருப்பிக் காட்டினான், கீழ் முன்பற்களின் பின்னால் சிவப்பாகப் பட்டை கட்டியிருந்தது. எச்சில் சுரக்கிற வாய் அங்கேதான் திறக்கிறது, எச்சிலில் இருக்கிற சுண்ணாம்புச் சத்து அந்த மெல்லிய படலத்தில் இறங்கிக் கல்லாகிவிடுகிறது, கல்லான பிறகு எந்த பிரஷ்ஷுக்கும் அசையாது என்றான். நாற்பத்தைந்து வயது வரை நான் துலக்கிக்கொண்டிருந்தது அடுத்தவர் கண்ணுக்குத் தெரிகிற பகுதியை மட்டும்தான் என்பதை அந்தக் கண்ணாடி காட்டிக் கொடுத்தது.

சாயம் பிடித்த இடங்களுக்கு மதிப்பெண் போட்டுக் குறித்துக்கொண்டான். அடுத்த முறை வரும்போது அந்த எண் குறைந்திருக்க வேண்டும். "குறையலேன்னா எனக்குத்தான் மார்க் போகும் அங்கிள்" என்றான் வெள்ளந்தியாக. எனக்கு வீட்டுப்பாடம் கொடுத்து யாரும் மார்க் எடுத்ததில்லை. ஒரு பெரிய பிளாஸ்டிக் பல் வரிசையும் அதற்கேற்ற பெரிய பிரஷ்ஷும் வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தான். பிரஷ்ஷைப் படுக்க வைத்து அரம் ராவுகிற மாதிரி இழுக்கக் கூடாது. நாரைச் சாய்த்து, பாதி ஈறு ஓரத்திலும் பாதி பல்லிலும் படுகிறபடி வைத்து, இருந்த இடத்திலேயே மெல்ல அதிர விட்டு, பிறகு பல்லை நோக்கித் துடைத்துவிட வேண்டும். உள்பக்கத்தையும் அப்படியே. சிறுவயதில் நாங்கள் உமிக்கரியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்த்தவர்கள். தேய்ப்பு பலமாக இருந்தால்தான் சுத்தம் என்பது கைக்கே பழகிவிட்டது. அந்தக் கையின் வேலை என் பற்களின் கழுத்தில் இருந்தது. ஈறுக்குப் பக்கத்தில், கோடாலி வெட்டு வாங்கின மரம் மாதிரி, மேல் வரிசையில் பள்ளங்கள். நான் வலக்கைக்காரன் என்பதை அவன் என்னைக் கேட்காமலே சொன்னான், இடது பக்கம் பள்ளம் அதிகம்.

கல்லை எடுக்கிறபோது பக்கத்து சேரில் இருந்த ஒரு பெரியவர் என்னை எச்சரித்தார். "க்ளீன் பண்ணாதீங்க சார், பல்லு ஆட ஆரம்பிச்சிடும்." இதை நம்பாத தெரு தமிழ்நாட்டில் இருக்காது. பையன் கோபப்படவில்லை, ஒரு வழக்கமான பாடத்தை ஒப்பிப்பவனாகச் சொன்னான்: கல் சேரச் சேர ஈறும் எலும்பும் கீழே இறங்கிக்கொண்டே போகும். ஆடுகிற பல்லைப் பக்கத்துப் பல்லோடு சேர்த்துக் கட்டிப் பிடித்துக்கொண்டிருப்பதும் அந்தக் கல்தான். கல்லை எடுத்தால் ஆட்டம் தெரிகிறது, இடைவெளி தெரிகிறது. பழி சுத்தம் செய்தவன் மேல். பெரியவர் முழுக்க நம்பின மாதிரி தெரியவில்லை. ஆனாலும் எழுந்து போகவில்லை.

இனிப்பு விஷயத்திலும் எனக்கு ஒரு திருத்தம் கிடைத்தது. எவ்வளவு தின்கிறோம் என்பதைக் காட்டிலும் எத்தனை தடவை தின்கிறோம் என்பதுதான் பல்லுக்குக் கணக்கு. வாயில் இருக்கிற கிருமி சர்க்கரையைத் தின்று அமிலம் விடும். எச்சில் அதைக் கழுவிச் சரிக்கட்ட நேரம் எடுக்கும். ஒரு முழு அல்வாவை ஒரே உட்காரலில் முடித்துவிட்டுக் கொப்பளிப்பவனைவிட, கடையில் உட்கார்ந்துகொண்டு மணிக்கொரு தரம் சர்க்கரை போட்ட டீயை உறிஞ்சுகிறவன் பல்தான் சீக்கிரம் போகும். நான் இரண்டாவது வகை. ஜவுளிக்கடையில் டீ நிற்காமல் வரும்.

இப்போது பரீட்சை. எங்கள் டாக்டர் நேரடியாகவே கேட்டாள்: "அங்கிள், இந்தப் பல்லை எக்ஸாமுக்கு வெச்சுக்கட்டுமா?" சொத்தையை மேலோட்டமாகச் சுத்தம் செய்து, கிராம்பு எண்ணெய் வாசனை அடிக்கிற ஒரு வெள்ளைக் கலவையைத் தற்காலிகமாக அடைத்துவிடுவாள். பரீட்சை நாளில் அதை எடுத்துவிட்டு வெளி எக்ஸாமினர் முன்னால் முறையாகச் செய்வாள். என் பல்லைக் காக்க வைப்பது சரியா என்ற கேள்வி எனக்கும் வந்தது, அவளுக்கும் இருந்திருக்க வேண்டும், ஏனென்றால் மேடத்தைக் கூட்டிவந்து அவர் வாயாலேயே சொல்ல வைத்தாள். சில வாரம் தாங்கும், வலி வந்தால் அன்றே வந்துவிட வேண்டும், பரீட்சை பற்றிக் கவலைப்படாதீர்கள் என்றார் மேடம். வலி வரவில்லை. இருந்தாலும் இந்த 'வைத்துக்கொள்ளும்' பழக்கத்தை நான் முழு மனசோடு ஒப்புக்கொள்ள மாட்டேன். பல்லுக்குக் காத்திருக்கத் தெரியாது. எனக்கு நன்றாக முடிந்தது என்பதற்காக எல்லாருக்கும் அப்படி முடியும் என்று சொல்ல முடியாது.

அதற்குள் அவள் ஒத்திகை பார்த்துக்கொண்டே இருந்தாள். முதல் வருடத்தில் மெழுகுக் கட்டியில் இந்த ஆறாம் நம்பர் பல்லைச் செதுக்கி எடுத்ததையும், ஒவ்வொரு மேடும் பள்ளமும் சரியில்லை என்று சார் திருப்பித் திருப்பி அனுப்பியதையும், அடுத்த வருடம் பொம்மைத் தலையில் மாட்டின பற்களிலும் பிடுங்கிப்போட்ட பற்களிலும் துளை போட்டுப் பழகியதையும் சொன்னாள். பிடுங்கின பல் கேட்டு கிளினிக் கிளினிக்காகப் பாட்டிலோடு அலைவார்களாம். முந்நூறு பல் சேர்த்து வைத்திருந்த சீனியர் ஒருவனுக்கு ஹாஸ்டலில் ஏகப்பட்ட செல்வாக்கு. பரீட்சையில் என்னென்ன கேட்பார்கள், தான் என்ன பதில் சொல்லப்போகிறாள் என்பதையும் என் மேலேயே ஒப்பித்துப் பார்ப்பாள். குழியின் ஆழம் எவ்வளவு, ஏன் அவ்வளவு, உள் மூலைகளை ஏன் கூராக விடாமல் உருட்ட வேண்டும் (கூராக இருந்தால் அழுத்தம் அங்கே குவிந்து பல் விரிசல் விடும்) என்று எனக்கே பாதி பாடம் வந்துவிட்டது.

பரீட்சையன்று காலையில் எனக்குப் பொங்கல் வடை வாங்கி வைத்திருந்தாள். "சாப்பிட்டுடுங்க அங்கிள், வெறும் வயித்துல ஊசி போட்டு நீங்க மயக்கம் போட்டா என் பரீட்சை போச்சு." ஹாலில் வரிசையாகச் சேர்கள், வரிசையாக நாங்கள். எல்லாருக்கும் மாப்பிள்ளை வீட்டார் உபசாரம். ஒரு பையனின் நோயாளி வரவில்லை. அவன் போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் ஹாலுக்குமாக நடந்த நடை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. கடைசி நிமிடத்தில் ஆட்டோ வந்தது, ஆட்டோக்காரரும் சேர்ந்து ஓடிவந்தார்.

மரத்துப்போகிற ஊசி முதல் தடவை பிடிக்கவில்லை. கீழ்த்தாடைக்கு ஊசி போடுவது பல்லுக்குப் பக்கத்தில் இல்லை. தாடையின் உள்பக்கம், வெகு பின்னால், நரம்பு எலும்புக்குள் நுழைகிற இடத்தைத் தேடிப் போட வேண்டும், விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அவள் கை லேசாக நடுங்கியது. சார் வந்து அவள் கை மேல் கை வைக்காமல், "இன்னும் கொஞ்சம் மேலே" என்று மட்டும் சொன்னார். இரண்டாவது ஊசியில் பாதி உதடு போய்விட்டது.

குழி போட்டு முடித்ததும் எக்ஸாமினர் வந்தார். வேறு ஊர்க் கல்லூரிக்காரர். வாயில் பஞ்சுருளை, எச்சில் உறிஞ்சுகிற குழாய், நான் மேலே பார்த்தபடி. கூரான கருவியால் குழியின் ஓரங்களை வருடிவிட்டு அவளைக் கேள்வி கேட்கத் தொடங்கினார். முதல் மூன்றுக்கும் டக் டக்கென்று சொன்னவள், மூலையை ஏன் உருட்டினாய் என்றதும் திணறினாள். எனக்குப் பதில் தெரியும். வாயை மூட முடியாமல் கண்ணை உருட்டினேன். எக்ஸாமினர், "அய்யாவுக்கு வலிக்குதா பார்" என்றார். அவள் என்னைப் பார்த்தாள், பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது, சிரிப்போடு பதிலும் வந்துவிட்டது.

அடைத்தது வெள்ளிக் கலவை. வெள்ளி, வெள்ளீயம், செம்புத் தூளைப் பாதரசத்தோடு குழைத்தது. எடையில் ஏறக்குறைய பாதி பாதரசம். அழுத்தி அடைக்கும்போது கீச்கீச்சென்று ஒரு சத்தம் வரும், அது மண்டைக்குள் கேட்கும். முழுக்க இறுக ஒரு நாள் ஆகும் என்பதால் அன்று வலது பக்கம்தான் சாப்பாடு. பாதரசம் மண்ணிலும் நீரிலும் சேர்வதைக் குறைக்க 2013இல் கையெழுத்தான மினமாட்டா ஒப்பந்தத்துக்குப் பிறகு உலகம் முழுக்க இந்த வெள்ளி அடைப்பைக் குறைத்துக்கொண்டு வருகிறார்கள். பல் நிறத்திலேயே அடைக்கிற காலம். என் பல் பழைய பாடத்திட்டத்துப் பல்.

அந்த வாரமே அவளிடமிருந்து போன். பாஸ் சொல்லத்தான் என்று எடுத்தேன். "ரிசல்ட் இன்னும் வரலை அங்கிள். உங்களுக்குத் தெரிஞ்சவங்கள்ல பல்லே இல்லாதவங்க யாராவது இருக்காங்களா? முழுசா, ஒண்ணுகூட இல்லாம?" பல் செட் பரீட்சைக்கு அவளுடைய தோழிக்கு ஆள் கிடைக்கவில்லை. மதுராந்தகம் பக்கம் கிராமத்தில் என் பெரியம்மா இருந்தாள். அவளுக்குக் கீழ்ப்பற்கள் முதலில் போயின. மேல்பற்களை ஆட ஆட வருடக்கணக்கில் வைத்துக்கொண்டிருந்தாள், மேல் பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்ற பயத்தில். கடைசியில் அவை தாமாகவே விழுந்தன. கண் புரையால் மங்கியது அதற்கு முன்பே.

"இந்த வயசுல எனக்கு எதுக்குடா பல்லு? யாரைக் கடிக்கப் போறேன்?" என்றாள். பேத்தி கல்யாணம் வருகிறது, போட்டோவில் பொக்கை வாயோடு நிற்பாயா என்று கேட்டதும் கொஞ்சம் அசைந்தாள். தோழிப் பெண் போனில், "பாட்டி, நான் ஆட்டோ அனுப்புறேன், நீங்க வந்து உட்கார்ந்தா போதும்" என்று கெஞ்சினாள். பெரியம்மாவின் எழுபது சொச்ச வயதில் படித்த பெண் எவளும் அவளிடம் கெஞ்சியதில்லை. வந்தாள்.

பல் செட் செய்வது ஒரு நாள் காரியம் இல்லை. முதலில் வெந்நீரில் இளக்கின அரக்கு மாதிரி ஒன்றை வாயில் அழுத்தி அச்சு. அதிலிருந்து பிளாஸ்டர் வார்ப்பு. வார்ப்புக்கு அளவாக ஒரு தட்டு செய்து, அதன் ஓரத்தைப் பச்சை நிறக் குச்சியை உருக்கி உருக்கி ஒட்டி, கன்னமும் உதடும் நாக்கும் அசைகிற அளவுக்கு ஓரம் பிடித்து, மறுபடி நுட்பமான அச்சு. பரீட்சை இந்தக் கட்டத்தில்தான் நடந்தது. உதட்டைக் குவிக்கச் சொன்னார்கள், நாக்கை நீட்டச் சொன்னார்கள், கன்னத்தை இழுத்தார்கள். எக்ஸாமினர் தட்டை இழுத்துப் பார்த்தார், வரவில்லை. பெரியம்மா கழுத்தோடு சேர்ந்து வந்தாள். அதுதான் நல்ல மார்க்காம். அடுத்தடுத்த வாரங்களில் மெழுகு மேடு வைத்து, மேல் தாடைக்கும் கீழ்த் தாடைக்கும் நடுவே எவ்வளவு உயரம் என்று அளந்தார்கள். அதற்கு அவளை "அம்மா" என்று சொல்லச் சொன்னாள் அந்தப் பெண். உதடு சேர்ந்து பிரிகிற அந்த இடத்தில் தாடை எங்கே நிற்கிறது என்று பார்த்தாள். "எங்கம்மா செத்து அம்பது வருசம் ஆச்சு, இந்தப் பொண்ணு கூப்பிட வெச்சிட்டா" என்றாள் பெரியம்மா வெளியே வந்து. நிறம் தேர்ந்தெடுக்கிற அன்று, வரிசையாக மாட்டியிருந்த மாதிரிப் பற்களில் ரொம்ப வெள்ளையானதை ஒதுக்கினாள். "ஊர்ல சிரிப்பாங்க. வெத்தலை போட்டவ பல்லு மாதிரி குடு."

கண் பயத்தையும் அந்தப் பெண்தான் தீர்த்துவைத்தாள், காலம் கடந்து என்றாலும். முகத்தின் உணர்ச்சி நரம்பு மூன்று கிளையாகப் பிரிகிறது, மேல் பற்களுக்குப் போவது நடுக் கிளை, பார்வைக்கு மூளையிலிருந்து தனியாக ஒரு நரம்பு வருகிறது, இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று சுவரில் இருந்த படத்தைக் காட்டினாள். கண் மங்குகிற வயதும் பல் விழுகிற வயதும் ஒன்றாக இருப்பதால் வந்த வம்பு. பெரியம்மா படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்ப முன்னாடியே பிடுங்கியிருக்கலாம்" என்றாள்.

படத்துக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒருவரின் போட்டோ. ரஃபியுதீன் அகமது, 1920இல் கல்கத்தாவில் இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கியவர். அமெரிக்காவில் படித்துவிட்டு வந்து, கல்லூரி நடத்தப் பணத்துக்காக நியூயார்க் சோடா ஃபவுண்டன் என்று ஒரு கடை வைத்தாராம். சோடாவும் ஐஸ்கிரீமும் விற்ற காசில் பல் படிப்பு. எங்கள் டாக்டர் இதைச் சொன்னபோது நான் நம்பவில்லை. பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். 'இலவசம்' என்று மைக்கில் கத்துகிறார்கள். பல்லுக்கு ஆகிற காசு குறைவுதான், நாளுக்கு ஆகிற காசு குறைவில்லை. மாணவர் ஒரு கட்டம் முடிப்பார், மேடத்தின் கையெழுத்துக்காக நாம் வாயைத் திறந்தபடி காத்திருப்போம்; அவர் வேறு எட்டு பேரைப் பார்த்துவிட்டு வர வேண்டும். கிளினிக்கில் அரை மணியில் முடிகிற வேலைக்கு ஒரு காலைப் பொழுது போகும். மாதச் சம்பளக்காரனான எனக்கு முதலாளி அரை நாள் விட்டார். பஸ்ஸில் என்னோடு வந்த சித்தாள் பெண்ணுக்கு ஒவ்வொரு வருகையும் ஒரு நாள் கூலி. இரண்டு முறை வந்தாள், அப்புறம் காணவில்லை. அவள் பல்லை யாரும் போன் செய்து தேடியிருக்க மாட்டார்கள், அது பரீட்சைக்கு ஆகிற பல் இல்லை. பிடுங்க வேண்டிய வெறும் வேர்.

நடுவில் கைவிடப்பட்டவர்களும் உண்டு. பெரியம்மாவோடு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரின் பல் செட் மெழுகுக் கட்டத்திலேயே நின்றுவிட்டது. அவருடைய மாணவன் பரீட்சை முடிந்து போய்விட்டான். அட்டையை எடுத்துக்கொண்டு பிரிவுத் தலைவரிடம் நேராகப் போங்கள் என்று யாரோ சொன்ன பிறகுதான் வேறொருவனிடம் ஒப்படைத்தார்கள். போகிறவர்கள் இதைக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது: எந்த வருட மாணவர், இந்தப் பிரிவில் அவருக்கு இன்னும் எத்தனை வாரம், அவர் போனால் யார். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

பெரியம்மாவுக்கு மேல் செட் கச்சிதமாகப் பிடித்தது. கீழ் செட் மிதந்தது. எல்லாருக்கும் அப்படித்தானாம், பிடிக்க இடம் குறைவு, நாக்கு வேறு தள்ளிக்கொண்டே இருக்கும், பல் போய் வருடக்கணக்கானால் எலும்பும் தேய்ந்திருக்கும். முதலில் குழைந்த சாதம், இரண்டு பக்கமும் சமமாக மெல்ல வேண்டும், ராத்திரி கழற்றித் தண்ணீரில் போட வேண்டும் என்று அந்தப் பெண் சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டாள். கல்யாணத்துக்கு இரண்டையும் போட்டுக்கொண்டு போட்டோவில் நின்றாள். பந்தியில் உட்காரும் முன் கீழ் செட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

எங்கள் டாக்டர் பாஸ் செய்து, ஹவுஸ் சர்ஜன் முடித்து, ஊருக்குப் போய்விட்டாள். நான் வருடத்துக்கு ஒரு முறை கல் எடுக்க அதே பஸ் ஏறுவதை விடவில்லை. அப்படி ஒரு முறை போனபோது மூன்றாம் வருடப் பையன் ஒருவன், அவளைப் பார்த்தே இராதவன், என் 36இல் வளைந்த ஊசியை விட்டு இழுத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். "யார் போட்டது அங்கிள்? இங்க ஓரத்துல லேசா பிதுங்கி நிக்குது."

"ஃபைனல் எக்ஸாம்ல போட்டது தம்பி. எக்ஸாமினர் பார்த்து ஓகே சொன்னது" என்றேன். எனக்கு ஏன் அவ்வளவு ரோஷம் வந்தது என்று தெரியவில்லை.

அவன் மேடத்தைக் கூப்பிட்டான். மேடம் தானும் ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். "இத்தனை வருஷம் தாங்கியிருக்கு, காண்டாக்ட் நல்லாவே இருக்கு. இதை எடுத்துட்டுப் புதுசு போடலாம்னு பார்க்காதே. ஓரத்தைப் பாலிஷ் பண்ணிட்டு அனுப்பு." பையன் முகம் தொங்கிப்போனது. அவன் கோட்டாவில் பாலிஷுக்குக் கணக்கு இல்லை போலிருக்கிறது.